நம் கண் காணும் வெளி யூக்ளிட் வடிவியலுக்குக் கட்டுப்பட்டதா?

கேள்வி இதுதான்: பள்ளியில் படித்த யூக்ளிட் வடிவியலில் இணைகோடுகள் சந்திப்பதே இல்லை, தண்டவாளமோ தூரத்தில் சேர்வதுபோல் தெரிகிறது, அப்படியென்றால் நம் கண்ணுக்கு வேறு வடிவியலா?

ஆமாம், வேறுதான். எந்த வேலையைச் செய்துகொண்டு கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அதுவும் மாறும்.

எனக்கு இது தென்னை நடும்போது உறைத்தது. கல்லூரி விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன், அப்பா சந்தைக்குப் போயிருந்த நேரம், இரண்டு வரிசைக்கும் குழி அடையாளத்தை நானே போட்டுவிடலாம் என்று வரப்பில் நின்றுகொண்டு தம்பியிடம் முளைக்குச்சிகளைக் கொடுத்து அனுப்பினேன். முதல் ஜோடியை மட்டும் 25 அடி அளந்து அடித்தோம். மற்றதெல்லாம் கண் அளவு, "இன்னும் கொஞ்சம் கிழக்கால போ, போதும் போதும்" என்று கத்திக்கத்தியே முடித்தோம். நான் நின்ற இடத்திலிருந்து பார்க்க இரண்டு வரிசையும் அவ்வளவு அழகாக இணையாக இருந்தன. அப்பா வந்து கயிறு பிடித்தால் கடைசி ஜோடிக்கு நடுவே 28 அடி. "கயிறு கட்டாம யாருடா முளை அடிக்கச் சொன்னது" என்று கேட்டுவிட்டு எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டார்.

பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது, கிட்டத்தட்ட இதே வேலையை 1913இல் ஜெர்மானிய உளவியலாளர் வால்டர் புளூமென்ஃபெல்ட் இருட்டறையில் செய்து பார்த்திருக்கிறார் என்று. குச்சிக்குப் பதில் சின்னச் சின்ன வெளிச்சங்கள். தலையை அசைக்காமல் உட்கார்ந்திருப்பவரிடம், இரண்டு வரிசையும் இணையாக நீள்வதுபோல் தெரியும்படி அமைக்கச் சொன்னார். அப்புறம் தனியாக, எல்லா ஜோடிக்கும் நடுவே உள்ள அகலம் சமமாகத் தெரியும்படி அமைக்கச் சொன்னார். தாளில் வரைந்தால் இரண்டும் ஒன்றுதானே, இணைகோடு என்றாலே எங்கும் ஒரே அகலம். ஆனால் கண்ணால் அமைத்தவை ஒன்றோடொன்று பொருந்தவில்லை. இரண்டுமே எட்டப் போகப்போக விரிந்தன, இணையாக அமைத்த வரிசைகள் சம அகல வரிசைகளுக்கு உள்ளே அடங்கின. இந்த முரணைப் பிடித்துக்கொண்டு 1947இல் ருடால்ஃப் லூனெபர்க் என்ற கணிதவியலாளர், இரண்டு கண்ணால் காணும் வெளி அதிபரவளைய வடிவியலைச் சேர்ந்தது என்றார், அதாவது குதிரைச் சேணம்போல் வளைந்த பரப்பு, அதில் முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் 180 பாகைக்குக் குறையும். (என் தோப்பில் நடந்தது பட்டப்பகலில், மண்ணும் வரப்பும் கண்ணுக்குத் தெரியும்போது. அதில் வேறு காரணங்களும் கலந்திருக்கும்.)

இதற்கு நேர் எதிரானதை உங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். பத்துக்குப் பத்து அறை, கூரை பத்தடி உயரம் என்று வையுங்கள். நட்டநடுவில் நின்று கூரையின் ஒரு மூலையைப் பாருங்கள். மூன்று விளிம்புகள் அங்கே ஒரு புள்ளியில் கூடுகின்றன, அந்தப் புள்ளியைச் சுற்றி மொத்தம் 360 பாகை, எனவே கண்ணுக்கு ஒவ்வொரு கோணமும் சுமார் 120. நான்கு மூலைக்கும் சேர்த்தால் 480! சதுரத்துக்கு 360தானே வர வேண்டும்? கோளத்தின் மேல் வரைந்த நாற்கரத்துக்குத்தான் இப்படி வரும். ஸ்காட்லாந்தின் தத்துவவாதி தாமஸ் ரீட் 1764லேயே சொன்னது இதைத்தான்: தூரம் தெரியாமல் திசை மட்டும் தெரியும் கண்ணுக்கு, உலகம் ஒரு கோளத்தின் உட்பரப்பில் வரைந்த படம்.

சரி, சேணமா கோளமா? பின்னால் வந்த சோதனைகளில் வளைவின் அளவு ஆளுக்கு ஆள் மாறியது, வெளிச்சத்துக்கும் சூழலுக்கும் தக்கபடியும் மாறியது. அதனால் ஒரே வடிவியலைத் தேடுவதே தவறு என்று நான் நினைக்கிறேன்.

இந்த விஷயத்தில் என்னை மிகவும் நெகிழ வைத்தது வேறொன்று. பிறவியில் பார்வையில்லாமல் கனசதுரத்தையும் உருண்டையையும் தொட்டே அறிந்த ஒருவருக்குத் திடீரென்று பார்வை வந்தால், தொடாமலே எது எது என்று சொல்வாரா என்று 1688இல் வில்லியம் மாலினோ, தத்துவவாதி ஜான் லாக்குக்கு எழுதிக் கேட்டார். முந்நூறு வருடத்துக்கும் மேலாக விவாதித்த கேள்வி. மூளை ஆராய்ச்சியாளர் பவன் சின்ஹாவின் பிரகாஷ் திட்டத்தில் இந்தியாவில் அறுவைச் சிகிச்சையால் பார்வை பெற்ற, 8 முதல் 17 வயது வரையிலான ஐந்து பேரிடம் சோதித்து 2011இல் வெளியிட்டார்கள். பார்த்ததைப் பார்த்ததோடு நன்றாகப் பொருத்தினார்கள், தொட்டதைத் தொட்டதோடும் அப்படியே. தொட்டதைப் பார்த்ததோடு பொருத்தச் சொன்னபோது ஏறக்குறைய குருட்டாம்போக்குதான். ஆனால் சில நாட்களிலேயே அதுவும் கைகூடியது. கையின் வெளியும் கண்ணின் வெளியும் தனித்தனியாக இருந்து, அவ்வளவு சீக்கிரம் ஒன்றோடொன்று பேசத் தொடங்கிவிடுகின்றன!

காலுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நமக்கு எதிரே நீளும் தூரம், அதே அளவு குறுக்கு அகலத்தைவிடக் குட்டையாகத் தெரியும், தரையில் வரைந்த சதுரம் தூரத்தில் சப்பையாகத் தெரிவதும் அதனால்தான். ஆனால் அதே தூரத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் கண்ணை மூடி நடக்கச் சொன்னால், பத்து மீட்டர் வரையாவது பெரும்பாலோர் ஏறக்குறைய சரியான இடத்தில் நிற்கிறார்கள். 1992இல் ஜாக் லூமிஸ் குழுவினர் இந்த இரண்டையும் சோதித்தார்கள். நம்ப முடியவில்லை என்றால் காலி மைதானத்தில் பத்து மீட்டர் தள்ளி ஒரு துண்டை விரித்துவிட்டு வந்து, கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து பாருங்கள். தடுக்கி விழாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் கூடவே வரட்டும்.