கோமாளி வேஷம் கட்டும் பையனை என்ன படிக்க வைப்பது?

அம்மா, உங்கள் மகன் கோமாளியாக நடித்த வீடியோவை இரண்டு முறை பார்த்தேன். சிவப்பு மூக்கு, தனி ஆள், பேச்சே இல்லை. தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத கல்யாண வீட்டில் மாட்டிக்கொண்டவனாக வருகிறான். இவன் கும்பிட்டால் எதிராளி கைகுலுக்க நீட்டுகிறார். இவன் நீட்டினால் அவர் கும்பிடுகிறார். பந்தியில் இடம் கேட்கக் கூச்சப்பட்டு, கடைசியில் சாம்பார் வாளியைத் தூக்கிப் பரிமாறவே போய்விடுகிறான்.

நாலு பேரிடம் பேசத் தெரியாதவன் என்று அழுதீர்கள். கவலை புரிகிறது. ஆனால் உங்கள் அண்ணன் பேச்சைக் கேட்டு, மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்க நகையை அடகு வைக்காதீர்கள். வட்டி கட்டப்போவதும் வகுப்பில் உட்காரப்போவதும் அவர் இல்லை.

அந்தக் கூச்சம்தான் இவனுடைய மூலதனம். பாரிஸில் 1956-இல் நாடகப் பள்ளி தொடங்கிய ழாக் லெகோக், 1960-களில் ஒருநாள் மாணவர்களை வட்டமாக உட்காரவைத்து, ஒவ்வொருவராக வந்து சிரிக்கவைக்கச் சொன்னார். என்னென்னவோ வித்தை காட்டினார்கள், யாரும் சிரிக்கவில்லை. தோற்றுப்போய், முகம் தொங்க இடத்துக்குத் திரும்பியபோதுதான் எல்லோரும் சிரித்தார்கள். அவர் கற்றுக்கொடுத்த கோமாளிக் கலை அங்கே பிறந்தது. உங்கள் மகனுக்கு அது சொல்லிக்கொடுக்காமலே வந்திருக்கிறது.

அதற்காகக் கடன் வாங்கிப் பாரிஸுக்கு அனுப்பவும் கூடாது. முதலில் அரசு கலைக் கல்லூரியில் அவனுக்குப் பிடித்த ஒரு பட்டம். டெல்லி தேசிய நாடகப் பள்ளியின் மூன்றாண்டு டிப்ளமோவுக்கும், புதுச்சேரிப் பல்கலைக்கழக நிகழ்கலைத் துறையின் முதுகலைக்கும் பட்டம் வேண்டும். டெல்லியில் மாணவர்களுக்கு மாத உதவித்தொகை உண்டு. ஆனால் மேடை அனுபவம் கேட்பார்கள், இந்தியும் ஆங்கிலமும் ஓரளவு வர வேண்டும். அந்த அனுபவத்தைச் சேர்க்கத்தான் கல்லூரியில் படிக்கும் மூன்று வருடம்.

அப்புறம், உங்கள் செய்யாறு பக்கமே புரிசை இருக்கிறது; தலைமுறைகளாகத் தெருக்கூத்து நடக்கும் ஊர். விடிய விடிய உட்கார்ந்து, கூத்தின் கோமாளியான கட்டியக்காரனைப் பார்க்கட்டும். ராஜா வருவதற்கு முன்பே வந்து, கூட்டத்தோடு பேசி, உள்ளூர்ச் சங்கதியைக் கதைக்குள் இழுத்து, அதே ராஜாவுக்குச் சேவகனாகவும் நிற்பவன் அவன். ஒற்றை ஆளாகக் கூட்டத்தைப் பிடித்துவைப்பது எப்படி என்பதை அங்கே கற்கலாம். முடிந்தால் கூத்து வாத்தியாரிடம் கேட்டு ஆட்டத்தின் அடவும் பழகட்டும்.

வருமானம் தொடக்கத்தில் ஒழுங்காக வராது. அதை அவனிடம் மறைக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவனை அழைத்து வாருங்கள், அண்ணன் வேண்டாம். பேசத் திணறினால் நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடாதீர்கள். அவன் சொல்லும்வரை நான் காத்திருக்கிறேன்.