எம்எம்ஓ கேமுக்குள் நுழையலாமா? காசு கட்டும் முன் சில கேள்விகள்

கேள்வி: இதுவரை தனியாக விளையாடும் கேம்கள்தான் பழக்கம். நண்பர்கள் இருவர் ஆன்லைன் ஆர்பிஜி ஒன்றில் சேரச் சொல்லி நச்சரிக்கிறார்கள். எனக்கு இது ஒத்துவருமா என்று காசு செலவழிக்காமல் தெரிந்துகொள்ள முடியுமா?

பதில்: முடியும். பெயர்பெற்ற எம்எம்ஓக்களில் (பெருங்கூட்டம் ஒரே உலகத்தில் சேர்ந்து ஆடும் ஆன்லைன் கேம்கள்) பெரும்பாலானவை ஏதாவது ஓர் இலவச வாசலைத் திறந்து வைத்திருக்கின்றன. வாசலின் அகலம்தான் ஒவ்வொன்றிலும் வேறு.

ஃபைனல் ஃபேன்டஸி 14 இதில் தாராளம். 2023 அக்டோபரிலிருந்து அதன் ஃப்ரீ ட்ரையலில் மூலக் கதையோடு ஹெவன்ஸ்வர்டு, ஸ்டார்ம்பிளட் என இரண்டு எக்ஸ்பான்ஷன்களையும் (மூல கேமுக்குப் பிறகு வந்த கூடுதல் பகுதிகள்) லெவல் 70 வரை ஆடலாம். இத்தனை நாளுக்குள் என்ற கெடு கிடையாது. பூட்டுகள் வேறு இடத்தில் இருக்கின்றன: கையில் 3 லட்சம் கில்லுக்கு (கேமின் நாணயம்) மேல் சேராது, சந்தைப் பலகையில் வாங்கவோ விற்கவோ முடியாது, கில்டில், அதாவது ஆட்டக்காரர்களின் குழுவில், சேர முடியாது. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டில் லெவல் 20 வரை இலவசம். கில்டு வார்ஸ் 2-இன் மூல கேம் 2015 முதலே இலவசம். கடைசி லெவலான 80 வரை போகலாம், சாட்டிலும் வியாபாரத்திலும் சில கட்டுப்பாடுகள் இருக்கும். ஈவ் ஆன்லைனில் ஆல்ஃபா என்ற இலவச வகை 2016-இல் வந்தது. அதில் 50 லட்சம் ஸ்கில் பாயிண்ட் வரை பயிற்சி பெறலாம். ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்பில் உலகத்தின் ஒரு பகுதி எப்போதும் இலவசம்.

ஓசிதானே என்று எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் இறக்க வேண்டாம். நண்பர்கள் இருக்கும் கேமை மட்டும் எடுங்கள். அதே கேம், அதே சர்வர், அதே பிராந்தியம். இதைக் கேட்காமல் கேரக்டரை வேறு சர்வரில் உருவாக்கிவிட்டு, அங்கே 30 லெவல் ஏறிய பிறகு நண்பரைச் சந்திக்க வழியில்லை என்று திகைப்பது வழக்கமாக நடக்கிறது. வார்கிராஃப்டில் அமெரிக்கப் பகுதிக் கேரக்டரை ஐரோப்பியப் பகுதிக்குக் காசு கொடுத்தாலும் மாற்ற முடியாது.

சோதனைக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம் ஒதுக்குங்கள். முதல் இரண்டு மணி நேரத்தை வைத்து எந்த எம்எம்ஓவையும் எடை போட முடியாது. அது பெரும்பாலும் தனியாக ஆடும் அறிமுகப் பாடம்தான். அசல் கேம் தெரிவது முன்பின் தெரியாதவர்களோடு முதல் டஞ்சனுக்குள், அதாவது குழுவாகச் சேர்ந்து எதிரிகளை அடித்து முடிக்கும் தனிப் பகுதிக்குள், போகும்போது. ஃபைனல் ஃபேன்டஸி 14-இல் அது லெவல் 15-இல் வருகிறது. அங்கே நான்கு பேர்: அடியைத் தாங்க ஒரு டேங்க், உயிர் ஏற்ற ஒரு ஹீலர், அடிக்க இரண்டு டிபிஎஸ். உள்ளே போய்விட்டால் 20, 30 நிமிடங்களுக்கு ஆட்டத்தை நிறுத்திவைக்கும் பட்டன் கிடையாது. அழைப்பு மணி அடித்தாலும் குழந்தை அழுதாலும் மற்ற மூவரும் நின்று காத்திருப்பார்கள், அல்லது உங்களை வாக்கெடுத்து வெளியேற்றுவார்கள். அந்த அரை மணி நேரம் உங்களுக்குச் சுகமாக இருந்ததா, பதற்றமாக இருந்ததா என்று பாருங்கள். பதற்றம் மட்டும்தான் என்றால் அடுத்த எக்ஸ்பான்ஷன் அதைக் குறைக்கப் போவதில்லை.

இன்னொன்று: டிபிஎஸ் எடுத்தால் டஞ்சனுக்குக் காத்திருக்கும் நேரம் அதிகம், ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் எடுக்கிறார்கள். டேங்க்குக்கு வரிசை சீக்கிரம் நகரும். கூச்ச சுபாவம் உள்ளவர்கள் டேங்க் எடுக்கத் தயங்குவார்கள், வழிநடத்த வேண்டுமே என்று. முதல் இரண்டு டஞ்சன்களில் “புதுசு” என்று ஆரம்பத்திலேயே சாட்டில் தட்டிவிட்டால் போதும், பெரும்பாலும் யாராவது வழி சொல்லிவிடுவார்கள்.

கேள்வி: சந்தா உள்ள கேமா, சந்தா இல்லாத கேமா, எது மலிவு?

பதில்: லேபிளைப் பார்த்து முடிவு செய்தால் ஏமாறுவீர்கள். 12 மாதத்துக்கு ஒரு கணக்குப் போடுங்கள்: மூல கேம், தேவையான எக்ஸ்பான்ஷன்கள், மாதச் சந்தா, அதன் பிறகு “இது இல்லாமல் ஆட முடியவில்லை” என்று வாங்கப்போகும் வசதிகள். நான்காவது வரியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

சந்தா கேம்களில் அந்த நான்காவது வரி பொதுவாகச் சின்னது. வார்கிராஃப்டில் சந்தா கட்டினாலே பழைய எக்ஸ்பான்ஷன்கள் திறந்துவிடும், ஆகப் புதியதை மட்டும் தனியாக வாங்க வேண்டும். எனவே முதல் நாளே புதியதை வாங்க அவசரமில்லை. அது தேவைப்படும் லெவலுக்கு வந்தபின் வாங்கினால், அதற்குள் தள்ளுபடியும் வந்திருக்கலாம், உங்களுக்கு ஆர்வமும் போயிருக்கலாம். இரண்டிலும் லாபம்தான்.

சந்தா இல்லாதவற்றில் கில்டு வார்ஸ் 2 ஓரளவு நேர்மையான கணக்கு. எக்ஸ்பான்ஷனை ஒருமுறை வாங்கினால் முடிந்தது. 2012-இல் வெளிவந்ததிலிருந்து உச்ச லெவலும் 80-ஐத் தாண்டவில்லை. ஆறு மாதம் விட்டுவிட்டுத் திரும்பினாலும் உங்கள் பழைய உடைமைகள் குப்பையாகிவிடாது. எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் 2014-இல் கட்டாயச் சந்தாவோடு வந்து, 2015 மார்ச்சில் அதை விட்டது. ஆனால் விருப்பச் சந்தா கட்டியவர்களுக்குக் கைவினைப் பொருட்களை அளவில்லாமல் போட்டுவைக்கும் பை கிடைக்கிறது. அது இல்லாதவர் ஒவ்வொரு நாளும் பை நிரம்பி எதைத் தூக்கிப் போடுவது என்று யோசித்துக்கொண்டே இருக்க வேண்டும். சிரமத்தை முதலில் வைத்து, அதற்கான மருந்தைப் பிறகு விற்பது இந்தத் தொழிலின் பழைய உத்தி. இலவச கேம் ஒன்றை ஆராயும்போது கடைப் பகுதியில் எத்தனை அழகான உடைகள் இருக்கின்றன என்று பார்க்காதீர்கள். பை இடம், வேகமாக லெவல் ஏற்றும் பானம், ஆயுதத்தை மேம்படுத்தும்போது உடையாமல் காக்கும் கல் ஆகியவை விற்கப்படுகின்றனவா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்ன கல் விற்கப்பட்டால், ஆயுதம் உடைவதை வைத்துத்தான் அந்த கேம் காசு பார்க்கிறது என்று அர்த்தம்.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்கும் லூட் பாக்ஸ் இன்னொரு வகை. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-இல் காசுக்கு விற்கும் லூட் பாக்ஸைச் சூதாட்டம் என்றே சொல்லிவிட்டது. வைரம், படிகம் என்று நடுவில் ஒரு நாணயத்தை வைப்பதும் காரணத்தோடுதான். நீங்கள் விரும்பும் பொருள் 800 படிகம் என்றால் பொதி 500-ஆகவோ 1,000-ஆகவோ இருக்கும். மிச்சம் 200 கையில் கிடந்து அடுத்த பொதியை வாங்கத் தூண்டும். எதை வாங்குவதானாலும் முதலில் அதை நிஜக் காசுக்கு மாற்றிப் பாருங்கள்.

கேம் தங்கத்தைக் கொண்டே சந்தா கட்டலாமே என்பார்கள். உண்மைதான். வார்கிராஃப்டில் இதற்கான டோக்கன் 2015 முதல் இருக்கிறது. ஈவில் 500 பிளெக்ஸ் ஒரு மாதச் சந்தாவுக்கு ஈடு. ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்பில் ஒரு பாண்டு 14 நாள் தரும். ஆனால் புதியவரால் ஒரு மாதச் செலவை ஈட்ட எத்தனை மணி நேரம் ஆகும் என்று கணக்கிட்டால், விளையாடுவதை விட்டுவிட்டுக் கூலி வேலை பார்த்த மாதிரி இருக்கும்.

கேள்வி: ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்குவதா, கம்பெனியின் சொந்தத் தளத்தில் வாங்குவதா?

பதில்: விலையைவிட இதில் முக்கியம், பிறகு மாற முடியுமா என்பது. ஃபைனல் ஃபேன்டஸி 14-ஐ ஸ்டீமில் வாங்கினால், அந்த அக்கவுண்டுக்கு பிசியில் இனி வரும் எக்ஸ்பான்ஷன்களையும் ஸ்டீமிலேயே வாங்க வேண்டும். வேறு இடத்தில் மலிவாகக் கிடைக்கும் கோடு (பதிவுக் குறியீடு) அதில் ஏறாது. எதிர்த்திசையிலும் அப்படித்தான். ஆகவே முதல் வாங்கலிலேயே ஒரு பக்கம் நின்றுவிடுங்கள். இன்னொன்றும் உண்டு: ட்ரையல் அக்கவுண்டில் முழு கேமின் கோடைப் பதிவு செய்துவிட்டால், பழையபடி ட்ரையலுக்குத் திரும்ப முடியாது. கூடவே தரப்படும் 30 நாளும் அப்போதே ஓடத் தொடங்கும். பரீட்சைக்கு முந்தைய வாரம் பதிவு செய்யாதீர்கள்.

ஸ்டீமில் பணம் திரும்பக் கிடைக்க இரண்டு நிபந்தனைகள்: வாங்கி 14 நாளுக்குள் கேட்க வேண்டும், ஆடிய நேரம் 2 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். எம்எம்ஓ விஷயத்தில் இரண்டாவதுதான் காலை வாரும். பல எம்எம்ஓக்களில் ஸ்டீம் இறக்குவது லாஞ்சரை, அதாவது கேமைத் தொடங்கிவைக்கும் சிறு மென்பொருளை, மட்டுமே. மீதிப் பல பத்து ஜிபியை அந்த லாஞ்சர் தானே இறக்கும். அது திறந்திருக்கும் நேரமும் ஆடிய நேரமாகவே எண்ணப்படும். ராத்திரி இறங்கட்டும் என்று விட்டுவிட்டுத் தூங்கி எழுந்தால், கேரக்டருக்குப் பெயர் வைக்கும் முன்பே 2 மணி நேரம் போயிருக்கும்.

கேள்வி: பழைய லேப்டாப், சுமாரான இணையம். தாங்குமா?

பதில்: இணைய வேகம் பெரும்பாலும் பிரச்சினையே இல்லை. எம்எம்ஓ ஓடும்போது பிடிக்கும் டேட்டா வீடியோ பார்ப்பதைவிட மிகக் குறைவு. கவனிக்க வேண்டியது பிங், அதாவது நீங்கள் பட்டனைத் தட்டிய செய்தி சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம். 100 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் கவலையில்லை. எதிரியைத் தேர்ந்தெடுத்துவிட்டு வித்தைகளைத் தட்டும் வகை கேம்களில் 200 வரையும் சமாளிக்கலாம். குறிபார்த்து அடித்து, உருண்டு தப்பிக்கும் வகையில் அதே 200 கடுப்பேற்றும்: திரையில் நீங்கள் விலகியிருப்பீர்கள், சர்வரோ நீங்கள் இன்னும் நெருப்பிலேயே நிற்பதாக நினைக்கும். சராசரி நன்றாக இருந்தும் நடுநடுவே உறைந்து நின்றால், வைஃபையை விட்டு கேபிளில் இணைத்துப் பாருங்கள். வீட்டில் வேறு யாராவது பெரிய வீடியோவை அப்லோடு செய்துகொண்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

லேப்டாப்பில் முதலில் பார்க்க வேண்டியது டிஸ்க். பெரிய எம்எம்ஓக்கள் 100 ஜிபியைத் தாண்டுகின்றன. வார்கிராஃப்ட் இப்போது எஸ்எஸ்டியைத் தன் தேவைப் பட்டியலிலேயே போட்டிருக்கிறது. சுழலும் பழைய ஹார்டு டிஸ்க்கில் போட்டால் ஊருக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் ஆட்கள் வரிசையாகத் தோன்றி முடிய ஒரு நிமிடம் ஆகும். டஞ்சனில் மற்றவர்கள் முதல் கூட்டத்தை அடித்து முடித்திருப்பார்கள். ஃபைனல் ஃபேன்டஸி 14-க்கு அந்த நிறுவனமே கணினி தாங்குமா என்று சோதிக்கும் பெஞ்ச்மார்க் மென்பொருளை இலவசமாகத் தருகிறது; முழு கேமை இறக்குமுன் அதை ஓட்டிப் பாருங்கள். எதுவும் தேறவில்லை என்றால் ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் இருக்கிறது. அது போனிலும் ஓடும், அதே கேரக்டரோடு.

கேள்வி: வேலைநாளில் ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். மாதச் சந்தா வீணாகுமா?

பதில்: ஒரு மணி நேரத்தில் ஆட நிறைய இருக்கிறது: கதை, கைவினை, ஒரு டஞ்சன். நடக்காதது ரெய்டு எனும் பெருங்குழுச் சண்டை. எட்டு அல்லது இருபது பேர் ஒரே நேரத்தில், வாரத்தில் இரண்டு மூன்று மாலைகள், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று மணி நேரம். உங்கள் நண்பர்கள் அந்த நிலையில் இருந்தால் அவர்களோடு ஆடும் ஆசைக்கு நூறு மணி நேரத்துக்கு மேலும் முன்பணம் கட்ட வேண்டும். ஃபைனல் ஃபேன்டஸி 14-இல் கதையை வரிசையாக முடித்தால்தான் அடுத்த பகுதி திறக்கும். கதையைத் தாண்டும் டிக்கெட்டைக் கடையில் விற்கிறார்கள். அதை வாங்கினால் ஆட வந்த பொருளையே காசு கொடுத்துத் தவிர்த்ததாகும்.

சந்தா எடுத்தால் ஒரு மாதம் மட்டும். எடுத்த அன்றே தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிடுங்கள். பொதுவாகக் கட்டிய நாட்கள் அப்படியே இருக்கும். ஆறு மாதப் பொதியில் மாதத்துக்குக் கொஞ்சம் குறையும், ஆனால் “கட்டிவிட்டோமே” என்று பிடிக்காத வாரங்களிலும் உட்கார வைக்கும். தினசரிப் பரிசு, தினசரிப் பணி என்று அழைப்பவற்றை முதல் மாதம் முழுக்கக் கண்டுகொள்ளாதீர்கள். அவை இல்லாமலும் உள்ளே வரத் தோன்றுகிறதா என்பதுதான் புதுப்பிக்கலாமா என்பதற்கான பதில்.

கேள்வி: சேர்ந்த பிறகு கேமையே மூடிவிட்டால்?

பதில்: நடந்திருக்கிறது. சிட்டி ஆஃப் ஹீரோஸ் 2012 நவம்பரில் மூடப்பட்டது. வைல்டுஸ்டார் 2014-இல் வந்து 2018-இல் போனது. 2021-இல் வெளிவந்த நியூ வேர்ல்டுக்கு இனிப் புதிய உள்ளடக்கம் இல்லை என்று 2025 அக்டோபரில் அமேசான் அறிவித்தது. நீங்கள் வாங்குவது ஆடும் உரிமையை மட்டுமே. சர்வர் அணைந்தால் குதிரையும் போகும், கவசமும் போகும். அடுத்த எக்ஸ்பான்ஷனுக்கு அறிவிப்பு இருக்கிறதா, கடைசிப் பெரிய அப்டேட் எப்போது வந்தது என்று பாருங்கள். ஸ்டீம் காட்டும் ஆட்கணக்கை மட்டும் நம்பாதீர்கள். சொந்த லாஞ்சரில் ஆடுபவர்கள் அதில் வரமாட்டார்கள்.

கேள்வி: லெவல் ஏற்றிய அக்கவுண்டை ஒருவர் மலிவாகத் தருகிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். முதன்முதலில் பதிவு செய்த மின்னஞ்சலும் பழைய பில்லும் விற்றவரிடமே இருக்கும். அவற்றைக் காட்டி அவர் அக்கவுண்டை மீட்டுக்கொள்ளலாம். வாடிக்கையாளர் சேவையிடம் போனால், அக்கவுண்டை விற்பதே விதிமீறல் என்று உங்களைத்தான் தடை செய்வார்கள். வெளியே விற்கப்படும் தங்கமும் இதே கதைதான். அதில் ஒரு பங்கு திருடிய அக்கவுண்டுகளைச் சுரண்டி எடுத்தது. புது அக்கவுண்டைத் திறந்தவுடன் இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போடுங்கள். வார்கிராஃப்ட் அதற்குப் பரிசாக முதுகுப்பையில் 4 கூடுதல் இடம் தருகிறது. ஃபைனல் ஃபேன்டஸி 14 ஓர் இடத்துக்கு இலவச டெலிபோர்ட் (நொடியில் போய்ச் சேரும் வசதி) தருகிறது.