மேனி பாக்கியாவ் எப்போது விழ ஆரம்பித்தார்? கேள்விகளும் பதில்களும்

பிலிப்பைன்ஸ் குத்துச்சண்டை வீரர் மேனி பாக்கியாவைப் பற்றிப் போன வாரம் சும்மா ஒரு வரி எழுதினேன்: "பாக்கியாவ் விழுந்தது 2012-இல் இல்லை, 2009-இலேயே." 2012 என்பது மார்க்கெஸிடம் அவர் நாக்-அவுட் ஆன வருஷம். என் வரிக்கு இத்தனை கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. பதில் சொல்லும் முன் ஒன்று. நான் பெரிய வீரன் எல்லாம் கிடையாது. வடசென்னையில் நாலு வருஷம் கிளவுஸ் மாட்டி, மாவட்ட அளவில் மூன்று சண்டை போட்டு இரண்டில் தோற்றவன். ஆனால் இந்த மனிதருடைய சண்டைகளை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன் என்பதற்கு வீட்டில் வாங்கிய திட்டுகளே சாட்சி.

கேள்வி (ஆவடிக்காரன்): அண்ணா, எனக்கு இவரைப் பத்தி பேர் மட்டும்தான் தெரியும். ஆரம்பத்துல இருந்து சொல்லுங்களேன்.

சுருக்கமாகச் சொல்கிறேன் தம்பி. பிறந்தது 1978 டிசம்பரில், பிலிப்பைன்ஸின் தெற்கே மிண்டனாவ் தீவில். வளர்ந்தது ஜெனரல் சாண்டோஸ் என்ற துறைமுக ஊரில். வறுமை என்றால் சாதாரண வறுமை இல்லை, தெருவில் ரொட்டியும் டோனட்டும் விற்று வீட்டுக்குக் காசு கொடுத்த பையன். பதினான்கு வயதில் மணிலாவுக்குப் போய், சம்பாலோக் பகுதியில் ஒரு பயிற்சிக்கூடத்தில் ஒண்டிக்கொண்டார். 1995 ஜனவரியில் முதல் தொழில்முறைச் சண்டை, அப்போது வயது 16. அந்த நாட்களில் பிரிவுக்கு வேண்டிய எடைகூட உடம்பில் இல்லாமல், பாக்கெட்டில் கனமான பொருளைப் போட்டுக்கொண்டு தராசில் ஏறியதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். எல்லாரும் எடையைக் குறைக்கப் பட்டினி கிடக்கிற விளையாட்டில், எடையைக் கூட்டத் திருட்டுத்தனம் செய்த ஆள்! இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்ப வரும்.

அப்புறம் 1998 டிசம்பரில் தாய்லாந்துக்கே போய், சட்சாய் சசகுல் என்ற சாம்பியனை எட்டாவது ரவுண்டில் சாய்த்து டபிள்யூ.பி.சி. என்ற உலக அமைப்பின் ஃபிளைவெயிட் (112 பவுண்டுப் பிரிவு) பட்டம். புள்ளிக்கணக்கில் அதுவரை பின்தங்கித்தான் இருந்தார். அந்த ஒரு இடது கை எல்லாக் கணக்கையும் அழித்துவிட்டது. இருபது வயதாக இன்னும் இரண்டு வாரம் பாக்கி.

கேள்வி: எட்டு எடைப் பிரிவில் சாம்பியன் என்பது உண்மையா, விளம்பரமா?

உண்மைதான், கொஞ்சம் இழுத்துக் கட்டிய உண்மை. 112 பவுண்டில் (51 கிலோ) ஆரம்பித்து 154 பவுண்டுப் பிரிவு (70 கிலோ) வரை. நடுவில் ஃபெதர்வெயிட்டில் அவருக்கு இருந்தது பெரிய நாலு அமைப்புகளின் பெல்ட் இல்லை, 'அந்தப் பிரிவின் உண்மையான நம்பர் ஒன்னை அடித்தவர்' என்ற அங்கீகாரம். ஜூனியர் வெல்டரில் ரிக்கி ஹாட்டனிடம் வென்றதும் அதே கதைதான், கூடவே ஐ.பி.ஓ. என்ற சின்ன அமைப்பின் பெல்ட். கறாரான ஆட்கள் ஆறு என்பார்கள். ஆறு என்றே வைத்துக்கொண்டாலும் எனக்குத் தலை சுற்றுகிறது.

ஆனால் இதில் பலர் கவனிக்காத விஷயம், இந்த ஏற்றத்தை ஆரம்பித்து வைத்தது ஒரு தோல்வி. 1999 செப்டம்பரில் தாய்லாந்தில் மெட்கோயன் சிங்சுரத்துடன் மோத வேண்டும். வளர்கிற உடம்பு 112-க்குள் அடங்கவில்லை. பட்டம் தராசிலேயே போயிற்று. மறுநாள் காய்ந்துபோன உடம்போடு ஏறி மூன்றாவது ரவுண்டில் வயிற்றில் ஒரு குத்து, அவ்வளவுதான். அதற்குப் பிறகு நடுவில் இரண்டு பிரிவுகளைத் தாண்டி நேராக 122-க்குப் போனார். போனதும் குத்துக்குப் பலம் கூடியது. அதாவது அதுவரை பட்டினியோடு அடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

கேள்வி (ராயபுரம்): சார், நானும் இடக்கைக்காரன். எங்க கோச் "பாக்கியாவைப் பாத்து ஆடாதே, கெட்டுப்போவே" என்கிறார். ஏன்?

கோச் சொல்வது சரி. 2001-இல் அமெரிக்காவில் பயிற்சியாளர் ஃப்ரெடி ரோச்சிடம் வந்து சேர்ந்தபோது அவரிடம் இருந்தது ஒரே ஆயுதம், இடது நேர்க்குத்து. அந்த ஆண்டு ஜூனில் லாஸ் வேகாஸில், இரண்டு வார அவகாசத்தில் மாற்று ஆளாகப் போய் லெஹ்லோ லெட்வாபாவை ஆறு ரவுண்டில் முடித்தார். (அன்றைக்கு முக்கியச் சண்டை ஆஸ்கர் டி லா ஹோயாவுடையது. இவர் துணைச் சண்டைக்காரர். ஏழு வருஷம் கழித்து அதே டி லா ஹோயா இவரிடம் எட்டு ரவுண்டு வாங்கிக்கொண்டு ஸ்டூலை விட்டு எழாமல் உட்கார்ந்துவிட்டார், அதோடு ஓய்வும் பெற்றார்.) 2005-இல் எரிக் மொராலெஸ், இடது கையை மட்டும் கவனித்தால் போதும் என்று காட்டி ஜெயித்தார். அதற்கப்புறம்தான் ரோச் உட்கார்ந்து வலது ஹூக்கை (வளைத்து அடிக்கும் குத்தை) ஒட்ட வைத்தார். மொராலெஸ் அடுத்த இரண்டு சண்டையிலும் நாக்-அவுட்.

உங்களுக்கான விஷயம் கால். வலது கைக்காரன் எதிரே நின்றால் அவனுடைய இடது காலுக்கு வெளியே உங்கள் வலது கால் விழ வேண்டும், அப்போதுதான் உங்கள் இடது கை நடுவழியில் நேராகப் போகும். பாக்கியாவ் இதைச் செய்வார், ஆனால் தாவிச் செய்வார். தாவும்போது இரண்டு காலும் ஒரு கணம் தரையில் ஊன்றி இருக்காது. அவருடைய வேகம் இருந்தால் அது வித்தை, இல்லாவிட்டால் தற்கொலை. கோச் அதைத்தான் சொல்கிறார்.

கேள்வி: 2009-இல் விழுந்தார் என்கிறீர்கள். அந்த வருஷம்தானே ஹாட்டனையும் கோட்டோவையும் அடித்தார்? என்ன கணக்கு இது?

இதற்காகத்தான் இத்தனை பேச்சும். 2009 மே மாதம் ஹாட்டன், இரண்டே ரவுண்டு. நவம்பரில் மிகெல் கோட்டோ, பன்னிரண்டாவது ரவுண்டில் நடுவர் நிறுத்தினார். உலகமே காலடியில். சரி, அதற்கு அடுத்த நாக்-அவுட் எப்போது? 2018 ஜூலை. எட்டரை வருஷம்! நடுவில் கிளாட்டி, மார்கரிட்டோ, மோஸ்லி, ரியோஸ், ஆல்ஜியேரி என்று ஜெயித்துக்கொண்டே இருந்தார், எல்லாம் புள்ளியில். வெற்றி எண்ணிக்கை மட்டும் பார்த்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

காரணம் எளிது. எலும்புக்கூடு அதேதான், அதன் மேல் ஏற்றிய எடைக்கும் ஓர் எல்லை உண்டு. 2010-இல் மார்கரிட்டோவுடன் மோதிய இரவு இவர் 148 பவுண்டு, அவர் 165. பதினேழு பவுண்டு வித்தியாசம், உயரம் வேறு. அந்தச் சண்டையில் மார்கரிட்டோவின் கண்குழி எலும்பே உடைந்தது, பாக்கியாவ் நடுவரைத் திரும்பிப் பார்த்து 'நிறுத்துங்களேன்' என்பதுபோல் நின்றார். எல்லாரும் அந்தக் கண்ணையே பார்த்தார்கள். இவர் நடுவில் விலாவில் வாங்கி ஒருமுறை மடங்கியதை யாரும் பேசவில்லை. சின்ன உடம்பால் பெரிய ஆட்களை வெட்டலாம், வீழ்த்த முடியாது. வீழ்த்த முடியாவிட்டால் பன்னிரண்டு ரவுண்டும் அவர்களோடு நிற்க வேண்டும். அதுதான் தேய்மானம்.

கேள்வி: அப்படியானால் மார்க்கெஸ் அடி தற்செயலா?

ஐயோ, இல்லவே இல்லை. ஹுவான் மானுவெல் மார்க்கெஸ் அந்த ஒரு குத்துக்காக எட்டு வருஷம் வேலை செய்தவர். 2004-இல் முதல் சண்டையில் முதல் ரவுண்டிலேயே மூன்று முறை தரையில் விழுந்து எழுந்து, சண்டையை டிராவாக்கிய மனிதர். அடுத்த இரண்டிலும் நூலிழையில் தோல்வி, மூன்றாவதில் அவர்தான் ஜெயித்தார் என்று இன்றும் சண்டை போடுகிறவர்கள் உண்டு (நானும் அந்தக் கட்சி).

2012 டிசம்பர் 8. மூன்றாவது ரவுண்டில் மார்க்கெஸின் வலது கை மேலிருந்து சுற்றி வந்து பாக்கியாவை உட்கார வைத்தது. ஐந்தாவதில் பாக்கியாவ் அவரைக் கீழே தள்ளினார். ஆறாவதில் மார்க்கெஸின் மூக்கிலிருந்து ரத்தம், மூச்சு வாய் வழியாக. புள்ளி போடும் மூன்று நடுவர்களும் அதுவரை 47-46 என்று பாக்கியாவுக்கே கொடுத்திருந்தார்கள். ரவுண்டு முடியப் போகிறது. மார்க்கெஸ் கயிற்றை நோக்கிப் பின்வாங்குகிறார். பாக்கியாவ் வலது கையால் போக்குக் காட்டிவிட்டு வழக்கம்போல் ஒரு தாவல். மார்க்கெஸ் சும்மா அரை அடி தூரத்துக்கு வலது கையை நீட்டினார். ஓங்கவில்லை, வீசவில்லை. அந்தப் பக்கமிருந்து வந்த வேகம்தான் மீதி வேலையைச் செய்தது. 2 நிமிடம் 59 நொடி. முகம் குப்புற, கயிற்றுக்குக் கீழே, கை உடம்புக்கு அடியில் மாட்டியபடி அசையாமல் கிடந்தார். மனைவி ஜின்கி ஓடி வரப் பார்த்ததை டிவியில் காட்டினார்கள். நான் அதிகாலை வேலைக்குப் போகாமல் பார்த்தது, அன்றைக்கு இட்லி இறங்கவில்லை.

அதே தாவல்தான் 1998-இல் பட்டம் வாங்கிக் கொடுத்தது. மூன்று வருஷம் முன்பு என்றால் கோட்டோவிடம் அதே இடத்தில் இருந்து வெளியே வந்திருப்பார். கால் ஒரு நொடி தாமதித்தது.

கேள்வி: மேவெதரிடம் தோற்றது தோள் காயத்தால்தானே?

தோள் காயம் நிஜம், சண்டை முடிந்ததும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். ஆனால் சண்டைக்கு முந்தைய படிவத்தில் தோளில் காயமில்லை என்று குறித்திருந்ததால், அன்று இரவு வலிக்கு ஊசி போட, சண்டை நடந்த நெவாடா மாநிலத்தின் விளையாட்டு ஆணையம் சம்மதிக்கவில்லை. தோள் நன்றாக இருந்திருந்தால்? 116-112 என்ற புள்ளி ஒருவேளை 115-113 ஆகியிருக்கும். அமெரிக்கரான ஃப்ளாய்ட் மேவெதர் எட்டி நின்று ஆடுகிறவர், தாவி வருகிற ஆளுக்கு அவரைவிட மோசமான ஜோடி கிடையாது. ஊக்கமருந்துக்கான ரத்தப் பரிசோதனை பற்றிய தகராறில் 2010-இல் நின்றுபோன போட்டி, 2015 மேயில் நடந்தது. அமெரிக்காவில் 46 லட்சம் பேர் காசு கட்டிப் பார்த்தார்கள், முக்கால்வாசிப் பேர் கொட்டாவி விட்டிருப்பார்கள்.

கேள்வி: ஊக்கமருந்து?

எந்தப் பரிசோதனையிலும் மாட்டியதில்லை. மேவெதர் தரப்பு சொன்னதற்கு அவதூறு வழக்குப் போட்டார், அது சமரசத்தில் முடிந்தது. அதற்கு மேல் நான் பேசினால் டீக்கடைப் பேச்சு ஆகிவிடும்.

கேள்வி (ஈப்போ): அண்ணே, 2018-ல புக்கிட் ஜாலில்ல நேர்ல பார்த்தேன். மத்தீசேயை ஏழாவது ரவுண்டுல முடிச்சாரு. அது கணக்குல இல்லையா?

கொடுத்து வைத்தவர் நீங்கள். கணக்கில் உண்டு, மேலே சொன்ன எட்டரை வருஷத்தை முடித்தது அந்த கோலாலம்பூர் இரவுதான். ஆனால் லூகாஸ் மத்தீசே அப்போது பாதி ஆள், அதற்குப் பிறகு மறுபடி சண்டையே போடவில்லை. நான் அதைவிடப் பெரிதாக நினைப்பது 2019 ஜூலையில் கீத் தர்மனை முதல் ரவுண்டிலேயே கீழே உட்கார வைத்து வென்றது. நாற்பது வயதில், பத்து வயது இளையவனிடம். விழ ஆரம்பித்தவர் பத்து வருஷம் கழித்து அப்படி எழுந்ததுதான் என் கணக்கில் இடிக்கிற ஒரே இடம், ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி: அரசியல் அவரைக் கெடுத்ததா? சம்பாதித்ததை எல்லாம் தொலைத்துவிட்டாரா?

2007-இல் தேர்தலில் தோற்றார், 2010-இல் சாரங்கானி மாகாணத்திலிருந்து கீழவைக்குப் போனார், 2016-இல் செனட்டர். கீழவையில் வருகைப் பதிவேடு சிரிப்பாய்ச் சிரித்தது. ஓரினச் சேர்க்கையாளர்களை விலங்குகளை விட மோசம் என்று பேசி, பிறகு மன்னிப்புக் கேட்டார், நைக்கி நிறுவனம் ஒப்பந்தத்தை முறித்தது. 2017-இல் பிரிஸ்பேனில் ஜெஃப் ஹார்னிடம் தோற்றபோது பதவியிலிருந்த செனட்டர். அந்தத் தீர்ப்பில் எனக்கு உடன்பாடில்லை, ஆனால் எட்டு வருஷம் முன்பு என்றால் தீர்ப்பு வரை போயிருக்கவே போயிருக்காது. 2022-இல் அதிபர் தேர்தலில் மூன்றாவது இடம், 2025-இல் செனட்டுக்கு மறுபடி நின்று தோல்வி. ரிங்கில் தோற்றபோது அழுத ஊர், வாக்குச்சாவடியில் வேறு பெயரைக் குறித்தது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாத மக்கள், பாராட்ட வேண்டியதுதான்.

பணம்: 2013-இல் வரித்துறை 220 கோடி பெசோ பாக்கி என்று சொல்லி வங்கிக் கணக்குகளை முடக்கியது, வழக்கு வருஷக்கணக்கில் இழுத்து அவர் பக்கம் தீர்ந்தது. தொலைத்தார் என்பதைவிட, கேட்டவருக்கெல்லாம் கொடுத்தார் என்பது பொருத்தம். வாசலில் எப்போதும் வரிசை நிற்கும்.

கேள்வி: பிலிப்பைன்ஸின் முதல் உலக சாம்பியன் இவர்தானா?

இல்லை. 1923-இலேயே பாஞ்சோ வில்லா நியூயார்க்கில் ஜிம்மி வைல்டை ஏழாவது ரவுண்டில் வீழ்த்தி ஃபிளைவெயிட் சாம்பியன். இரண்டே வருஷத்தில் பல் பிடுங்கிய இடத்தில் சீழ் பிடித்து, 23 வயதில் இறந்துபோனார். அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

கேள்வி: 46 வயதில் ஏன் திரும்ப வந்தார்? காசா?

2021 ஆகஸ்டில் கியூபாவின் யோர்டெனிஸ் உகாஸிடம் தோற்று, அடுத்த மாதமே ஓய்வு அறிவித்தவர், 2025 ஜூனில் குத்துச்சண்டைச் சாதனையாளர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டு, அடுத்த மாதம் மரியோ பாரியோஸோடு பன்னிரண்டு ரவுண்டு ஆடி டிரா செய்தார். காசும் இருக்கும். ஆனால் அந்தச் சண்டையில் மணி அடித்ததும் கிளவுஸ் இரண்டையும் மோதிக்கொண்டு வருவாரே, அதைப் பார்த்தால் 'ஏன்' என்று கேட்கத் தோன்றாது. தாவல் போய்விட்டது, நடந்துதான் வந்தார். அப்படியும் பாரியோஸ் திணறினார்.

கேள்வி (ஆவடிக்காரன்): ஒரே ஒரு சண்டை பார்க்க நேரம் இருக்கு. எது பார்க்க?

கோட்டோ சண்டை தம்பி, 2009 நவம்பர். முதல் தடவை சும்மா பாருங்கள். இரண்டாவது தடவை வர்ணனைச் சத்தத்தை அணைத்துவிட்டு, இடுப்புக்கு மேலே பார்க்காமல் பாக்கியாவின் வலது காலை மட்டும் பாருங்கள். நாலாவது ரவுண்டில் கோட்டோ விழுவார், அதற்கு அரை நொடி முன்னால் அந்தக் கால் எங்கே இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.