இரண்டு நாளில் மோனா லிசா

அன்புள்ள அண்ணா,

எண்ணெய் வண்ணத்தில் முகம் வரையப் பழகலாம் என்று மோனா லிசாவைப் பார்த்துக் கீறுகிறேன். போனில் படத்தைப் பெரிதாக்கிக் கட்டம் போட்டதில் கோடுகள் அச்சொட்டாக வந்துவிட்டன. இரண்டு நாளில் முகத்தை முடித்தேன். ஆனால் நிழல் எல்லாம் கரி அப்பியதுபோல் இருக்கிறது. கறுப்பை எப்படிக் குறைப்பது? பார்த்துக் கீறுவது களவு என்று வீட்டில் வேறு சொல்கிறார்கள்.

— ஒரு வாசகி, புதுக்குடியிருப்பு

தங்கச்சி,

களவுக் கதையை விடுங்கள். ரபாயேல் வரைந்த காஸ்டிலியோனே என்பவரின் உருவப்படத்தை, பெரிய ஓவியரான ரூபன்ஸே பார்த்துக் கீறியிருக்கிறார். கட்டம் போட்டதும் பிழையில்லை. எனக்குக் கோபம் வந்தது "இரண்டு நாளில்" என்ற இடத்தில்தான்.

லியொனார்டோ மோனா லிசாவை 1503 அளவில் தொடங்கினார். 77 சென்ரிமீற்றர் உயரம், 53 அகலம், ஒரு பொப்லர் பலகை, அவ்வளவுதான். அதை வருடக்கணக்காகக் கையோடு வைத்திருந்து பிரான்சுக்கும் கொண்டுபோனார். அந்தக் கன்னத்து நிழல் வெறும் கறுப்பா? கண்ணாடித்தாள் போல மெல்லிய பூச்சுகள், ஒன்று காய்ந்தபின் அதன்மேல் இன்னொன்று. ஆளிவிதை எண்ணெய் தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றின் ஒட்சிசனை எடுத்து மெல்ல மெல்ல இறுகும். எங்கள் வன்னி வெக்கையிலும் அதற்கு நாட்கணக்கு வேண்டும். அதற்குள் மேலே தேய்த்தால் கீழே கிடக்கும் வெள்ளை கிளம்பி வந்து எல்லாம் சேறாகும். நீங்கள் செய்தது அதுதான்.

நானும் செய்தேன். தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக்காலத்தில், வன்னிக்குள் எண்ணெய் வண்ணத்துக்கு எங்கே போவது? எனக்குப் பழக்கிய மாஸ்ரரிடம் நசுங்கிய குழாய்கள் மூன்று இருந்தன. பழைய கலண்டர் மோனா லிசாவைப் பார்த்து, வெள்ளையும் மண்பழுப்புமாக முகத்தை முதலில் எழுப்பச் சொன்னார். அப்புறம் பலகையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டார். நான் களவாகத் திருப்பித் தொட்டுப் பார்த்தேன். கன்னத்தில் பெருவிரல் பதிந்துவிட்டது. அடிப்பார் என்று நினைத்தேன்.

"பின்னேரம் போய் அம்மான்ர முகத்தைப் பார். நிழல் எங்க துவங்குது எண்டு கண்டுபிடிச்சிட்டு வா" என்றார்.

விளக்கு ஏற்றுமுன், விறாந்தையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தபடியே இருந்தேன். "என்னடா, பேய் பிடிச்சிட்டுதோ?" என்றார் அம்மா. நிழல் துவங்கும் இடம் மட்டும் கிடைக்கவில்லை. முகங்களைப் பின்னேரத்தில் பார்க்கச் சொல்லி லியொனார்டோவும் எழுதிவைத்திருக்கிறார் என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பலகை இடப்பெயர்வில் எங்கோ போயிற்று, பெருவிரலோடு.

கறுப்பை எப்படிக் குறைப்பது என்றல்லவா கேட்டீர்கள்? துணியால் துடைத்து எடுங்கள். இன்னும் காய்ந்திருக்காது.