ஆளில்லாத கூத்து

அன்புள்ள ஐயா,

ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகளிடம் பள்ளியில் பொம்மலாட்டம் பற்றிக் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். இந்தக் கலை முதலில் தோன்றியது இந்தியாவிலா, சீனாவிலா? இணையத்தில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். குழந்தைகளுக்கான இந்த எளிய கலையை சினிமாவும் செல்பேசியும் அழித்துவிட்டனவே என்று வருத்தமாகவும் இருக்கிறது. இப்போதெல்லாம் பார்க்க ஆளே இல்லையாம். மீட்க என்ன வழி?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இந்தியாவா சீனாவா என்பதை விட்டுத்தள்ளுங்கள். மரமும் தோலும் மட்கிப்போகிறவை, முதல் பாவைக்குப் பிறப்புச் சான்றிதழ் யாரிடமும் இல்லை. நம்மிடம் எவ்வளவு பழையது என்று மகள் கேட்டால் 1020ஆம் குறளைக் காட்டுங்கள். மனதில் நாணமில்லாதவர்களின் நடமாட்டம், மரப்பாவையை நாணால் ஆட்டி உயிருள்ளதுபோல மயக்குவதைப் போன்றது என்கிறார் வள்ளுவர். நாண் என்றால் வெட்கம், நாண் என்றால் கயிறு. கயிற்றில் ஆடும் பாவையைப் பார்த்து வாய்பிளந்த கூட்டம் இருந்தால்தானே இந்தச் சிலேடை எடுபடும்? கட்டுரைக்கு இது போதும்.

எனக்கு எரிச்சல் வந்தது ‘குழந்தைகளுக்கான எளிய கலை’ என்ற இடத்தில். யார் சொன்னது உங்களுக்கு? நம் பொம்மலாட்டக்காரர் தலையில் இரும்பு வளையத்தை மாட்டிக்கொண்டு, அதில் கட்டிய பாவையைத் தலையசைவாலேயே ஆடவைத்து, இரண்டு கையிலும் கம்பி பிடித்து அதன் கைகளை இயக்குகிறார். பாவை பத்து கிலோ வரைக்கும் இருக்கும். அவரிடம் போய் எளிய கலை என்று சொல்லிப் பாருங்கள். 1703இல் ஜப்பானில், ஒசாகாவில், சிக்காமத்சு என்ற நாடகாசிரியர் பாவைகளை வைத்து ஆடவிட்டது சேர்ந்து உயிரை விடும் இரண்டு காதலர்களின் கதை. குழந்தைகளுக்கா அது?

அப்புறம், ‘பார்க்க ஆளே இல்லை.’ பல வருடங்களுக்கு முன் பாலக்காட்டுப் பக்கம் ஒரு பகவதி கோவிலில் தோல்பாவைக் கூத்து பார்க்கப் போனேன். (இது நிழல்கூத்து. பொம்மலாட்டம் வேறு, கட்டுரையில் குழப்பிவிடாதீர்கள்.) இரவு இரண்டு மணி. திடலில் நான், துண்டை விரித்துத் தூங்கும் ஒரு பெரியவர், ஒரு நாய். கூத்துமாடத்தில், அதாவது கூத்துக்கான மேடையில், பாடிக்கொண்டிருந்தது கம்பராமாயணம், நம் கம்பன், மலையாள வாடையோடு. இராமனும் இராவணனும் போரிட்டபோது பத்திரகாளி தாருகன் என்ற அசுரனோடு சண்டையில் இருந்தாளாம், அந்தப் போரைப் பார்க்க முடியவில்லையாம். அவளுக்காகத்தான் வருடாவருடம் ஆடிக்காட்டுகிறார்கள், மாடமே அவள் சன்னதியைப் பார்த்துத்தான் இருக்கிறது. நமக்குத் திடல் காலி. அவர்களுக்கு வரவேண்டியவள் வந்தாயிற்று.

கேட்டுக்கொண்டு திரைக்குப் பின்னால் போனேன். 21 விளக்குகள், தேங்காய் எண்ணெய்ப் புகை, கண் எரிந்தது. முதிய புலவர் (பாவையாட்டுகிறவரை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்) சட்டையில்லாமல் வியர்வையில் நனைந்திருந்தார். பக்கத்தில் இருந்த பையன் ஒரு பாடலில் ஏதோ ஒரு அடியைத் தாண்டிவிட்டான் போலிருக்கிறது, எனக்குத் தெரியவேயில்லை. புலவர் கையிலிருந்த பாவையை இறக்காமல் அவன் தொடையில் ஒரு தட்டு தட்டினார். பையன் அந்தப் பாட்டை முதலடியிலிருந்து மறுபடி பாடினான். அதற்கப்புறம் அதற்குப் பொருள் சொல்ல ஆரம்பித்து, இவர் கேள்வி கேட்க அவன் பதில் சொல்ல, அரைமணி நேரம் போனது. வெளியே நாய்கூட எழுந்து போய்விட்டது. நம் இலக்கிய விழாக்களில் முன்வரிசை காலியானால் பேச்சாளருக்குக் குரல் இறங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறீர்கள்தானே?

அவர்களுக்குக் கூலி போதவில்லை என்பது நிஜம், அதைப் பேசவேண்டியதும் நிஜம். ஆனால் மீட்கிறேன் என்று கிளம்புவதற்கு முன் ஒரு இரவு முழுக்க உட்கார்ந்து பாருங்கள். ஜனவரியிலிருந்து மே வரை அந்தப் பக்கத்துக் கோவில்களில் நடக்கும். செல்பேசி வெளிச்சத்தைத் திரையில் அடித்துத் தொலைக்காதீர்கள். மகளையும் கூட்டிப்போங்கள், தூக்கம் வந்தால் தூங்கட்டும், கும்பகர்ணன் வரும்போது எழுப்பினால் போதும்.