விறாந்தையில் தொங்கும் புரொப்பெல்லர் எந்த விமானத்தினுடையது?

வட்டுக்கோட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அப்பப்பா மலாயாவில் வேலை பார்த்துப் பென்சனோடு ஊர் திரும்பியவர். எங்கள் விறாந்தையில் ஆறடிக்குக் கொஞ்சம் கூடிய மரப் புரொப்பெல்லர் ஒன்று நெட்டாகத் தொங்குகிறது. இரண்டு இதழ், நடுவில் மணிக்கூடு பூட்டியிருக்கிறது. 1942இல் விழுந்த யப்பான் விமானத்தினுடையது என்பார்கள். மணிக்கூட்டின் ஓரத்தில் 'டி.ஆர்.ஜி.', 'எல்.எச்.' என்ற ஆங்கில எழுத்துகள் அரைகுறையாகத் தெரிகின்றன. அடுத்த கிழமை தச்சர் வந்து தேய்த்து வார்னிஷ் அடிக்கப் போகிறார். இது எங்கே செய்தது?"

முதலில் தச்சரை வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் கேள்விக்கான விடை அந்த எழுத்துகளில்தான் இருக்கிறது. மரத்தில் மேலாகக் குத்திய எழுத்துகள் அவை. சாண்ட் பேப்பர் நாலு தரம் ஓடினால் போய்விடும்; பிறகு எந்த நிபுணராலும் உதவ முடியாது. அப்படித் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிய ஒன்றை நானே பார்த்திருக்கிறேன். நல்ல மரம், அழகான வேலை, ஆனால் ஊரும் பேரும் இல்லை. இன்றைக்கும் நினைத்தால் மனம் பொறுக்காது.

யப்பான் கதையைப் பார்ப்போம். 1942 ஏப்ரல் 5இல் கொழும்பையும் 9இல் திருகோணமலையையும் தாக்கியவை விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்த போர் விமானங்கள். அவற்றின் புரொப்பெல்லர்கள் உலோகத்தாலானவை. பலாலியில் போர்க்காலத்தில் நின்ற பெரிய லிபரேட்டர் விமானங்களுக்கும் உலோக இதழ்கள்தான். மரத்தாலான ஒரே துண்டாக இரண்டு இதழோடு இருப்பது சிறிய பயிற்சி விமானத்துக்கோ, இன்னும் பழைய காலத்து விமானத்துக்கோ உரியது. உங்கள் எழுத்துகளும் இது யப்பானுடையதல்ல என்றே சொல்கின்றன. 'டி.ஆர்.ஜி.' (DRG) என்பது 'டிராயிங்' என்ற சொல்லின் சுருக்கம். அடுத்து வருவது வரைபட எண். பிரித்தானியத் தயாரிப்பாளர்கள் இப்படித்தான் குத்துவார்கள். ஜேர்மன் புரொப்பெல்லர் என்றால் குதிரைவலுவுக்கு 'பி.எஸ்.' (PS) என்று இருக்கும்.

'எல்.எச்.' என்றால் இடச்சுழற்சி. விமானி இருக்கையிலிருந்து பார்க்க, மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்ப்புறமாகச் சுற்றும். நீங்களே சரிபார்க்கலாம். தட்டையான முகம் உங்களைப் பார்க்க நெட்டாக நிறுத்துங்கள். மேல் இதழின் தடித்த விளிம்பு, பித்தளைத் தகடு இருந்தால் அது ஏறிய விளிம்பு, இடக்கைப் பக்கம் வரவேண்டும்.

டைகர் மொத் பயிற்சி விமானத்தின் 130 குதிரைவலு ஜிப்ஸி மேஜர் எஞ்சின் இடப்பக்கம் சுற்றுவது. நீங்கள் சொல்லும் நீளமும் அந்த அளவு எஞ்சினுக்குப் பொருந்துகிறது. போருக்கு முன் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் பறக்கும் கழகங்கள் இருந்தன. டி ஹாவிலண்ட் கம்பனியின் மொத் வகை விமானங்கள் அங்கே பறந்தன. ஆகவே, என் கணிப்பில் இது அப்பப்பாவோடு மலாயாவிலிருந்து கப்பலில் வந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் இடப்பக்கம் சுற்றும் எஞ்சின்கள் வேறும் உண்டு. முடிவாகச் சொல்ல வரைபட எண் முழுவதும் வேண்டும்.

அதற்கு மணிக்கூட்டைக் கழற்ற வேண்டும். ஆணியோ திருகாணியோ என்று பார்த்து மெதுவாக எடுங்கள், நெம்பவேண்டாம். உள்ளே நடுத்துளையையும் அதைச் சுற்றி வட்டமாகப் போல்ட் துளைகளையும் காண்பீர்கள். துளைகளை எண்ணி, ஒன்றுக்கு நேரெதிர்த் துளை வரை மையத்திலிருந்து மையத்துக்கு அளந்து குறியுங்கள். எந்த எஞ்சின் என்று பிடிக்க இது பெரிய துணை. உலோகத் தட்டு இறுகி அழுத்திய வட்டத் தழும்பு மரத்தில் இருந்தால் இது உண்மையில் விமானத்தில் பூட்டப்பட்டது. அலங்காரத்துக்குச் செய்தவற்றில் பெரும்பாலும் அந்தத் தழும்பு இராது. பக்கவாட்டில் பார்த்தால் பலகைகளை அடுக்கிப் பசைபோட்டு ஒட்டிய கோடுகளும் தெரியவேண்டும். மகோகனி, வால்நட் போன்ற மரங்களே வழக்கம்.

எழுத்துகளைப் படிக்க, இரவில் விளக்கை அணைத்துவிட்டு டோர்ச்சை மரத்தோடு ஒட்டினாற்போல் பக்கத்திலிருந்து அடியுங்கள். பகலில் கண்ணில் படாத எண்கள்கூட நிழல் விழுந்து எழும்பும். படம் எடுங்கள். பிறகு மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சரித்து உரசிப் பிரதி எடுங்கள். 'டி' (D) என்ற எழுத்துக்குப் பக்கத்து எண் விட்டம். 'பி'க்குப் (P) பக்கத்தில் இருப்பது ஒரு சுற்றில் புரொப்பெல்லர் முன்னேறவேண்டிய தூரம். முதலாம் உலகப் போர்க்காலத்துப் பிரித்தானியப் புரொப்பெல்லர்களில் இவை மில்லிமீட்டரில் இருக்கும். எஞ்சின் பெயரும் குதிரைவலுவும் கூடவே இருந்தால் பாதி வேலை முடிந்தது.

சரி, துப்புரவு? உலர்ந்த மெல்லிய துணியால் தூசி தட்டுங்கள், அவ்வளவுதான். பழைய வார்னிஷையும் பித்தளைக் களிம்பையும் தொடவேண்டாம். நெட்டாகத் தொங்கவிட்டால் ஈரம் கீழ் இதழில் இறங்கி மரத்தின் சமநிலை கெடும், கிடையாக மாட்டுங்கள். விறாந்தையில் மாரிச் சாரல் அடிக்குமென்றால் உள்ளே கொண்டுபோங்கள். சுவரில் கறையான் கோடு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எண் கிடைத்ததும் படங்களோடு இங்கிலாந்தில் உள்ள டி ஹாவிலண்ட் விமான அருங்காட்சியகத்துக்கு எழுதிக் கேளுங்கள். இரத்மலானையில் எங்கள் விமானப்படை அருங்காட்சியகமும் இருக்கிறது. அப்பப்பாவின் பழைய பெட்டியில் மலாயாக் காலத்துப் படங்கள் இருந்தால் அவற்றையும் புரட்டுங்கள், பின்பக்க எழுத்தையும் விடாமல்.