மருந்தாளுநரிடம் கேளுங்கள்: மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

கோலாலம்பூர் பல்கலைக்கழக மாணவர்களின் கேள்விகளுக்கு மருந்தாளுநர் ஒருவர் பதில் சொல்கிறார்.

முதலாண்டு மாணவி, லெம்பா பந்தாய்: அக்கா, காய்ச்சலுக்கு ரெண்டு பனடோல் போட்டேன். மூக்கும் ஒழுகுது. சளிக்காய்ச்சல் மாத்திரையும் சேர்த்துப் போடலாமா?

அட்டையைத் திருப்புங்கள். முன்பக்கப் பெயரை விடுங்கள். சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். சளிக்காய்ச்சல் மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமோல் இருக்கிறது, பனடோலில் இருப்பதும் அதுவே. பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4,000 மில்லிகிராம்தான் உச்ச அளவு. 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் எட்டு. இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது 4 மணி நேரம் வேண்டும். இரண்டையும் ரெண்டு ரெண்டாகப் போட்டால் ஒரே வேளையில் 2,000 உள்ளே போய்விடலாம். அளவு மீறினால் கெடுவது கல்லீரல். முதல் நாளில் பெரிதாக ஒன்றும் தெரியாமல் போவதுதான் பயங்கரம். சந்தேகம் வந்தால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். நச்சுமுறி மருந்தை 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நன்றாகக் காப்பாற்றும்.

செராஸ்: மிச்சமான ஆண்டிபயோட்டிக்கை ரூம்மேட்டோட தொண்டைவலிக்குக் கொடுக்கலாமா?

கூடாது. தொண்டைவலி பெரும்பாலும் வைரஸால் வருவது. ஆண்டிபயோட்டிக் அதைத் தொடாது.

இரண்டாமாண்டு, கோம்பாக்: மூணு நாள் காய்ச்சல், இன்னிக்கு விட்டுருச்சு. உடம்புவலிக்கு இபுப்ரோஃபென் போட்டுட்டு வகுப்புக்குப் போகலாமா?

போகாதீர்கள், அந்த மாத்திரையும் வேண்டாம். நம் ஊரில் காய்ச்சல் என்றால் டெங்கி இல்லை என்று தெரியும்வரை இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் இரண்டையும் தொடக்கூடாது, ரத்தக்கசிவைக் கூட்டும். டெங்கியில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்குகிறது, மூன்றிலிருந்து ஏழாம் நாளுக்குள். ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிவதால் ரத்தம் கெட்டியாகி அழுத்தம் விழும். இன்றே கிளினிக்குக்குப் போய் முழு ரத்தப் பரிசோதனை கேளுங்கள். காய்ச்சல் தொடங்கிய தேதியைச் சொல்லுங்கள், எந்த நாள் என்பதை வைத்துத்தான் முடிவைப் படிப்பார்கள். விடாத வயிற்றுவலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறில் ரத்தம், எழ முடியாத சோர்வு, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் வராமை: இதில் ஒன்று இருந்தாலும் நேரே மருத்துவமனை.

ஸ்தாப்பாக்: பனடோலோட இருமல் சளி மாத்திரை போடலாமா?

முதல் பதிலைப் பாருங்கள். அட்டையைத் திருப்புங்கள்.

பங்சார்: உடம்பு இளைக்கற கேப்சூல் ஒண்ணு இணையத்துல 60 வெள்ளிக்கு விக்கறாங்க, நல்லதா?

மால் எண் இருக்கிறதா என்று தேடுங்கள், மலேசியாவில் பதிவான மருந்துக்குத் தரும் எண் அது: MAL என்ற எழுத்துகள், எட்டு இலக்கம், அடுத்து ஓர் எழுத்து. T என்றால் பாரம்பரிய மருந்து, N என்றால் சத்து மாத்திரை. எண்ணை அப்படியே நம்பாமல் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத் தேடலில் போட்டு, பெயர் ஒத்துப்போகிறதா பாருங்கள். எண் இல்லாத இளைக்கும் மருந்துகளில் சிபுட்ரமின் கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. மாரடைப்பு, பக்கவாத அபாயத்துக்காக அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 2010-இல் நிறுத்தப்பட்ட மருந்து அது.

இறுதியாண்டு, பொருளியல்: உடல்நல அறிவுத்திறன், அதாவது உடல்நலத் தகவலைப் புரிஞ்சு பயன்படுத்தற திறன், அந்தக் கருத்தாய்வுல மருத்துவ மாணவர்தான் மேல வர்றாங்க. மத்தவங்களுக்கு இது வராதா?
தமிழ்த் துறை மாணவர்: மருந்து உறையில தமிழ் இல்லாததுதான் காரணம்.
பொறியியல் மாணவி: மொழி இல்லைங்க. வீடியோவை நம்பறதுதான் காரணம்.

மூன்று பேரிடமும் ஒரு பங்கு உண்மை இருக்கிறது. 2019 தேசிய உடல்நல ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் மூவரில் ஒருவருக்கு இந்தத் திறன் குறைவு என்று வந்தது. படிக்கும் துறை, பெற்றோரின் கல்வி, வீட்டு வருமானம் எல்லாமே இதை மாற்றுகின்றன. ஆனால் கேள்வித்தாள் எதை அளக்கிறது என்று பாருங்கள். 47 கேள்விகள் கொண்ட ஐரோப்பியத் தாள் 'இது உங்களுக்கு எவ்வளவு எளிது' என்றுதான் கேட்கிறது. தன்னம்பிக்கை உள்ளவர் எளிது என்று எழுதிவிடுவார். ஐஸ்கிரீம் டப்பாவின் சத்து அட்டவணையைக் கொடுத்து ஆறு கேள்வி கேட்கும் சோதனையில் கணக்குப் போட்டே ஆக வேண்டும். இரண்டிலும் ஒருவரே மேலே வருவார் என்று சொல்ல முடியாது.

மொழி பற்றி: உறையில் மலாயில் 'தீகா காலி செஹாரி' என்றால் ஒரு நாளைக்கு மூன்று முறை என்பது இங்கே எல்லாருக்கும் புரியும். அப்படி எழுதியது ஆண்டிபயோட்டிக் என்றால் ஏறக்குறைய எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. காலை ஒன்பது, மதியம் ஒன்று, மாலை ஆறு என்று போட்டால் இரவு முழுவதும் பதினைந்து மணி நேரம் மருந்து இல்லாமல் போகிறது. தமிழில் மொழிபெயர்த்தாலும் இந்த இடைவெளி அப்படியே இருக்கும். உறையில் மணியையே எழுதித் தரச் சொல்லுங்கள், எந்த மொழியானாலும் சரி.

தமிழ்த் துறை மாணவர்: எங்க பாட்டிக்கு மணி எழுதினாலும் மலாய் தெரியாதே?

ஒப்புக்கொள்கிறேன். அவருக்குச் சூரியன், நிலா படம் வரைந்து தரச் சொல்லுங்கள், தருவார்கள்.

செந்தூல்: பனடோல் ஒரு நாளைக்கு எத்தனை?

500 மில்லிகிராம் மாத்திரை என்றால் அதிகபட்சம் எட்டு. வேறு எதிலும் பாராசிட்டமோல் இல்லையென்றால் மட்டும். அட்டையைத் திருப்புங்கள்!

பெயர் வேண்டாம்: தூக்கமே இல்ல. பரீட்சைக்குப் பயமா இருக்கு. மாத்திரை சொல்லுங்க.

மாத்திரை சொல்ல மாட்டேன். 15555-க்குக் கூப்பிடுங்கள், சுகாதார அமைச்சின் ஆலோசனைத் தொலைபேசி அது. பல்கலைக்கழக ஆலோசகரையும் பாருங்கள்.

வங்சா மாஜு: கிளினிக்கில் கொடுத்த உறையில் 'காய்ச்சல் மருந்து' என்று மட்டும் இருக்கு. என்ன செய்ய?

கவுண்டரை விட்டு நகருமுன் பெயரும் மில்லிகிராமும் எழுதி வாங்குங்கள். வீட்டுக்கு வந்துவிட்டீர்கள் என்றால் கிளினிக்குக்குத் தொலைபேசி போட்டுக் கேளுங்கள். பிறகு உறையைப் படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த கிளினிக்கில் அதையே காட்டலாம்.